வரைபலகையும் தொடுதிரையும்: கலைஞனின் கருவி யாருடையது?

மனிதனின் கலை வரலாறு ஒருவகையில் அவனுடைய கருவிகளின் வரலாறும் ஆகும். உளியும் தூரிகையும் எழுத்தாணியும் எவ்வாறு தோன்றின, அவற்றை ஆக்கியோர் யார், அவை யாருடைய உடைமையாக இருந்தன, அவற்றால் வாழ்வு பெற்றோர் யார், வாழ்விழந்தோர் யார் என்னும் வினாக்களை ஒதுக்கிவிட்டு, கலையின் வளர்ச்சியை மட்டும் எடுத்துரைக்கும் வரலாறு அரைகுறை வரலாறாகவே முடியும். கணினித் திரையின்மீது பேனா பிடித்து வரைகின்ற இக்கால ஓவியனுக்கும் இது பொருந்தும். அவன் கையிலுள்ள கருவி விஞ்ஞானத்தின் அருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கொடை எவ்வழியாக அவனை வந்தடைந்தது, எத்தனை காலம் அவனிடம் தங்கியிருக்கும் என்பன ஆராயப்பட வேண்டியவை. இந்த ஆராய்ச்சிக்கு ஒரு குறிப்பிட்ட கணினியை எடுத்துக்கொள்வோம்.

2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி, நியூ யோர்க் நகரில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் 'சர்பேஸ் ஸ்ரூடியோ' என்ற மேசைக் கணினியை வெளிப்படுத்தியது. ஓவியர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர், படத்தொகுப்பாளர் ஆகியோருக்கென்றே அமைக்கப்பட்ட கருவி அது. 28 அங்குலத் திரை. அகலத்தில் 4500, உயரத்தில் 3000 என ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் ஒளிப்புள்ளிகள். திரையின் தடிப்பு 12.5 மில்லிமீற்றர் மாத்திரமே. கணினியின் உள்ளுறுப்புகள் யாவும் கீழேயுள்ள சிறிய பெட்டி ஒன்றினுள் அடங்கியிருந்தன. பெட்டியையும் திரையையும் இரண்டு உலோகக் கரங்கள் இணைத்தன. விலை 2,999 டொலரில் தொடங்கி 4,199 டொலர் வரை சென்றது.

இக்கருவியின் சிறப்பு அதன் கீலிலே தங்கியிருந்தது. நிமிர்ந்து நிற்கும் திரையை ஒரு கையால் மெல்ல அழுத்தினால், அது எதிர்ப்பின்றித் தாழ்ந்து, மேசைத்தளத்திலிருந்து 20 பாகைச் சரிவில் வந்து நிற்கும். அந்த நிலையில் அது திரையாகத் தோன்றாது; பழைய படவரைஞனின் வரைபலகையாகவே தோன்றும். நிமிர்ந்த திரையில் நெடுநேரம் வரைபவனின் தோள் வலிக்கும் என்பதை ஒளிப்பேனாக் காலத்திலேயே பொறியியலாளர் கண்டிருந்தனர். முன்கையைத் தாங்கும் சரிவு வேண்டும் என்ற அந்த எளிய தேவையை இக்கீல் நிறைவேற்றியது. திரையில் ஓர் அங்குலத்துக்கு 192 ஒளிப்புள்ளிகள் இருந்தமையால், தாளில் ஓர் அங்குலமாக அச்சாகப்போவதைத் திரையிலும் சரியாக ஓர் அங்குலமாகவே காணலாம். பேனாவின் அழுத்தத்தில் 1024 படிகளை அது வேறுபடுத்தி அறிந்தது. 99 டொலருக்குத் தனியாக விற்கப்பட்ட வட்டக் குமிழ் ஒன்றைத் திரைமீது வைத்தால், அதனைச் சுற்றி வண்ணச் சக்கரம் விரியும். வலக்கை வரைந்துகொண்டிருக்க, இடக்கை வண்ணத்தை மாற்றலாம். கலைஞனின் உடலையும் அவன் வேலை முறையையும் நன்கு அவதானித்தவர்களே இதனை அமைத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயினும், ஒரு நிறுவனத்தின் மேதைமை திடீரென ஈன்றெடுத்த குழந்தையாக அன்று விளம்பரப்படுத்தப்பட்ட இக்கருவிக்கு அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்ட முன்வரலாறு உண்டு. அந்த வரலாறு கலைக்கூடத்தில் தொடங்கவில்லை. போர்க்கூடத்தில் தொடங்கியது.

1950களில், சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வரக்கூடும் என்ற அச்சத்தில், அமெரிக்க வான்படை 'சேஜ்' என்னும் பாரிய வான்காப்பு முறைமையை நிறுவியது. இருண்ட மண்டபங்களில் வட்டத்திரைகளின் முன்னே அமர்ந்த படையினர், திரையில் மின்னும் புள்ளியைத் துப்பாக்கி வடிவிலான ஒளியுணர் கருவியால் சுட்டிக்காட்டுவர். அப்புள்ளி எந்த விமானம், எத்திசையிற் செல்கிறது என்பதைக் கணினி கணிக்கத் தொடங்கும். மனிதன் திரையிலுள்ள ஒரு பொருளைக் கையாற் சுட்டிக் கணினியுடன் உரையாடும் முறை இவ்வாறு போர்க்களத் தேவையிலிருந்தே வளர்ந்தது.

இந்த முறைமையோடு தொடர்புடைய லிங்கன் ஆய்வுகூடம், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தால் அமெரிக்க முப்படைகளின் நிதியுதவியோடு நடத்தப்பட்டது. அங்கிருந்த டி.எக்ஸ்.-2 என்ற கணினியில், ஐவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 1963ஆம் ஆண்டு தம் கலாநிதிப் பட்டத்துக்காக 'ஸ்கெச்பாட்' என்ற நிரலைச் சமர்ப்பித்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோணலாக ஒரு கோடு இழுத்தால், கணினி அதனை நேராக்கும். இரு கோடுகள் சமாந்தரமாக இருக்கவேண்டும் எனப் பணித்தால், அவ்விதியை அது காத்துநிற்கும். மூலவடிவம் ஒன்றை மாற்றினால், அதன் பிரதிகள் யாவும் தாமே மாறும். இன்றைய பொறியியல் வரைகலை மென்பொருள்கள் அனைத்துக்கும் இதுவே மூதாதை எனலாம். அடுத்த ஆண்டு, 1964இல், ராண்ட் நிறுவனத்தில் ஏறத்தாழ 10 அங்குலச் சதுரப் பலகையொன்று உருவாயிற்று. அதன்கீழ்ப் பரப்பப்பட்ட நுண்கம்பிகள் பேனாவின் முனையைப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பிரித்தறிந்தன. அதற்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகமே பணம் தந்தது.

பேனாவின் கதை இவ்வாறாக, விரலின் கதையும் இதே திசையிற்றான் செல்கிறது. விரல் தொட்டால் அறியும் திரை பற்றி 1965இல் எழுதிய ஈ. ஏ. ஜோன்சன், இங்கிலாந்தின் மோல்வேண் நகரிலிருந்த அரசாங்க ராடர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடே அவர் நோக்கம். 1972இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் 'பிளேற்றோ' கற்பித்தல் முறைமையில், மாணவர் திரையைத் தொட்டு விடை கூறும் வசதி ஏற்படுத்தப்பட்டது. ஆசிரியர்களாகிய நாம் இதனை விசேடமாக மனங்கொள்ளலாம். தொடுதிரை கடைத்தெருவுக்கு வருமுன்னரே வகுப்பறைக்கு வந்திருந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் அணுவாராய்ச்சி நிலையத்தில், 1970களில், துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கெனத் தொடுதிரைகள் செய்யப்பட்டன. அந்நிலையம் பல ஐரோப்பிய நாடுகளின் பொதுப்பணத்தில் இயங்குவது.

இந்த நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது. எந்த வணிகனும் முதலிட அஞ்சிய காலத்தில், இலாபம் வருமா என்ற கணக்கின்றி, மக்களின் வரிப்பணமே இத்தொழில்நுட்பத்தின் முதற்செலவைத் தாங்கியது. பொருளியலறிஞர் மரியானா மசுக்காற்றோ 2013இல் வெளியிட்ட நூலில், இக்காலக் கைத்தொலைபேசியின் முக்கிய தொழில்நுட்பங்கள் பலவற்றைக் குறித்து இதே முடிவுக்கு வந்துள்ளார். அப்பணத்தின் பெரும்பகுதி போருக்கென ஒதுக்கப்பட்டது என்பது வருத்தத்துக்குரியது; ஆனால் அது பொதுப்பணம் என்பது மறுக்கவியலாதது.

தனியார் நிறுவனங்கள் ஒன்றுமே செய்யவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. 1983இல் ஜப்பானில் நிறுவப்பெற்ற வக்கொம், கம்பியும் மின்கலமும் அற்ற பேனாவை உருவாக்கிற்று. 2001இல் அது விற்பனைக்கு விட்ட 'சின்ரிக்' திரையில் ஓவியன் படத்தின்மீதே நேரடியாக வரைந்தான். மைக்ரோசொவ்ற், பெருந்தொடுதிரைகள் செய்த ஒரு நிறுவனத்தை 2012இலும், பேனாத் தொழில்நுட்பம் கொண்ட என்-ரிக் நிறுவனத்தின் உடைமைகளை 2015இலும் விலைக்கு வாங்கியது. 2016இன் மேசைக்கணினி இவ்வாறு பலர் விதைத்த விளைச்சல். அறுவடை மட்டும் ஒரு களஞ்சியத்திற் சேர்ந்தது.

இனி, இதே வரலாற்றில் மறைக்கப்பட்ட மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். வரைகின்ற இயந்திரம் வந்தபோது, அதுவரை வரைந்துகொண்டிருந்த கைகளுக்கு என்ன நேர்ந்தது?

இதுபற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் மைக் கூலி முதன்மையானவர். அயர்லாந்திற் பிறந்து, இங்கிலாந்தில் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்திற் பொறியியலாளராகப் பணியாற்றிய அவர், படவரைஞர் தொழிற்சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். 1930களின் படவரைஞன் தன் பலகையின் முன்னே ஒரு பொறியின் உறுப்பை முழுமையாகச் சிந்தித்தான்; வடிவத்தை வரைந்தான்; அது தாங்கவேண்டிய விசையைக் கணித்தான்; எந்த உலோகத்தாற் செய்வது எனத் தீர்மானித்தான். காலப்போக்கில் இவ்வேலைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டன. இறுதியிற் கணினி வந்து எஞ்சிய திறனையும் கவர்ந்தது என்று கூலி எடுத்துக்காட்டினார். விலையுயர்ந்த இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காகப் படவரைஞர் முறைமாற்று வேலைக்கு நெருக்கப்பட்டனர். மனிதனுக்கு ஏற்ப இயந்திரம் அமைவதற்குப் பதிலாக, இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதன் ஓடவேண்டியவனானான்.

கூலி இயந்திரத்தின் பகைவர் அல்லர் என்பது முக்கியம். ஆட்குறைப்பு அச்சுறுத்திய வேளையில், லூக்காஸ் தொழிலாளர் 1976 ஜனவரியில் தாமே ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டனர். போர்க்கருவிகளின் இடத்தில், சிறுநீரக நோயாளருக்கான இயந்திரம், வெப்பப் பம்பி, தண்டவாளத்திலும் தெருவிலும் ஓடும் வண்டி என ஏறத்தாழ 150 பயனுள்ள பொருள்களைத் தங்கள் திறமையாற் செய்ய முடியும் என்று அவர்கள் காட்டினர். நிருவாகம் அதனை ஏற்கவில்லை. 1981இல் கூலி வேலைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் 'நேரிய வாழ்வு' விருது அவருக்கு வழங்கப்பட்டது. உலகம் போற்றிய அறிவை அவருடைய முதலாளி வேண்டாமென்றார்.

திரைப்பட உலகிலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டு. வோல்ற் டிஸ்னியின் கூடத்தில், ஓவியர் பென்சிலால் வரைந்த ஒவ்வொரு படத்தையும் கண்ணாடிபோன்ற செலுலோயிட் தாளில் மையாற் பிரதிசெய்வதும், அதன் மறுபுறத்தில் வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தன. நுண்ணிய திறன் வேண்டிய அந்த வேலைக்குக் குறைந்த கூலியே கிடைத்தது. 1941இல் அக்கூடத்தில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் காரணங்களுள் ஊதிய வேற்றுமையும் ஒன்றாகும். 1961இல் வெளிவந்த '101 டல்மேஷியன்கள்' படத்தில், பென்சிற் கோடுகளை நேரடியாகச் செலுலோயிட்டுக்கு மாற்றும் ஒளிப்பிரதி முறை புகுத்தப்பட்டது. மையிடும் பெண்களின் தேவை பெருமளவிற் குறைந்தது. 1990இல் வெளிவந்த 'த ரெஸ்கியூவர்ஸ் டவுண் அண்டர்' படத்துக்குள் முழுவதும் கணினியே வண்ணம் தீட்டியது. தூரிகை பிடித்த கைகளுக்கும் அக்கூடத்தில் இடமற்றுப் போயிற்று.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கவேண்டும். 1961இன் மாற்றத்தை ஓவியர் பலர் வரவேற்றனர்; தங்கள் சொந்தக் கோடு பிறர் கைபடாமல் அப்படியே திரைக்கு வந்ததில் அவர்கள் மகிழ்ந்தனர். ஒரு கையின் விடுதலை மற்றொரு கையின் வேலையிழப்பாக முடிந்தது. இதனை இயந்திரத்தின் குற்றமாகக் கருதுவோர் வரலாற்றைப் பின்னோக்கித் தள்ள முயல்வர். முன்னேற்றத்தின் தவிர்க்கமுடியாத விலை என்று கூறுவோர், அவ்விலையை யார் கொடுத்தார் என்பதை மூடிமறைப்பர். சேமிக்கப்பட்ட உழைப்பின் பயன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதே சரியான வினா. உழைப்பு குறைந்தது, ஆனால் உழைத்தவளுக்கு ஓய்வோ வேறு திறனோ கிடைக்கவில்லை.

ஓவியன் வென்றான் என்று தோன்றிய காலமும் நெடிது நீடிக்கவில்லை. தூரிகை வாங்கியவன் அதனைத் தேயும்வரை பயன்படுத்தினான். கணினி மென்பொருளையும் முதலில் ஒருமுறை விலைகொடுத்து வாங்கும் வழக்கமே இருந்தது. 2013இல் அடோபி நிறுவனம், தன் படைப்புத் தொழில் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனி விற்பதில்லை, மாதச் சந்தாவுக்கே தருவது என்று முடிவுசெய்தது. அன்றுமுதல் அக்கருவியைச் சார்ந்திருக்கும் கலைஞன் குத்தகைக்காரன் ஆனான். வாரம் தவறாது வாரம் செலுத்தும் குத்தகை உழவனின் நிலைக்கும், சந்தா நின்றால் தன் மென்பொருள் பூட்டப்படும் ஓவியனின் நிலைக்கும் தன்மையில் உள்ள ஒற்றுமையை எம் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துச் சர்பேஸ் ஸ்ரூடியோவை மீண்டும் மதிப்பிடுவோம். அதன் குறைகள் தொடக்கத்திலேயே தெரிந்தன. அத்துணை விலையுள்ள மேசைக்கணினிக்குள் மடிக்கணினிகளுக்கான உறுப்புகளே இருந்தன. நினைவகம் பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருந்ததால் பின்னர் கூட்டமுடியாது. சேமிப்பகத்தில் வேகம் குறைந்த சுழல்வட்டும் கலந்திருந்தது. இவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு: வேறொரு கணினியின் படத்தை அத்திரைக்குள் செலுத்தும் வாயில் எதுவும் அதில் இல்லை. நல்ல திரையொன்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கலாம். கணினியின் உள்ளுறுப்புகளோ சில ஆண்டுகளிற் பழையனவாகின்றன. நீண்ட ஆயுளையும் குறுகிய ஆயுளையும் ஒரே உடலாகப் பிணைத்தபோது, குறுகியது மடியும் நாளிலே நீண்டதும் உடன்கட்டை ஏறவேண்டியதாயிற்று.

2018இல் இரண்டாம் பதிப்பு 3,499 டொலரிலும், 2022இல் மூன்றாவது பதிப்பு 4,299 டொலரிலும் தொடங்கின. திரையின் அளவும் அமைப்பும் பெரிதும் மாறவில்லை; விலையே ஏறியது. 2024 டிசெம்பரில் இவ்வகைக் கணினியின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதை நிறுவனம் உறுதிப்படுத்தியது. எட்டாண்டுகளில் ஒரு பரம்பரை முடிந்தது.

முதற்பதிப்பை வாங்கியவனின் நிலை இன்னும் துயரமானது. 2021இல் வெளியான விண்டோஸ் 11 பணிசெயல் முறைமை, பொதுவாக இன்ரெல்லின் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான செயலிகளையே ஏற்றது. 2016இன் ஸ்ரூடியோவில் இருந்தது ஆறாம் தலைமுறை, அது விலக்கப்பட்டது. 2018இன் இரண்டாம் பதிப்பிலிருந்தது ஏழாம் தலைமுறைச் செயலி. விதிப்படி அதுவும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்கணினியை நிறுவனம் அப்போதும் விற்றுக்கொண்டிருந்தது. அக்கணினியிலிருந்த அதே செயலிக்கு, குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டும் எனும் நிபந்தனையோடு, விதிவிலக்கு அளிக்கப்பட்டது! தொழில்நுட்பத்தின் இரும்பு விதி என்று கூறப்பட்டது வணிகத்தின் வசதிக்கேற்ப வளைந்ததை இதைவிடத் தெளிவாக எந்த விமரிசகரும் காட்டிவிட முடியாது.

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. தனியாகப் பதிவுசெய்தோருக்கு மட்டும் ஓராண்டு காலப் பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. ஆகவே 2016இல் ஒருவன் தன் உழைப்பின் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய கருவி, அதன் கண்ணாடியில் ஒரு கீறலும் விழாதிருக்க, கீல் பழுதாகாதிருக்க, வண்ணம் மங்காதிருக்க, தூரத்து அலுவலகம் ஒன்றின் அறிவிப்பினாலேயே முதுமையடைந்தது. பயன்பாட்டினால் தேய்வது பொருளின் இயல்பு. ஆணையினால் தேய்வது முதலாளித்துவச் சந்தையின் இயல்பு.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. அதுவும் கற்பனையன்று. 2002இல், கைவிடப்படும் நிலையிலிருந்த 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை, அதன் பயனாளர்கள் சிறுதொகைகளாகச் சேர்த்த 1 இலட்சம் யூரோவால் மீட்டுப் பொதுச்சொத்தாக்கினர். அன்றுமுதல் அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்திருக்கிறது. லத்வியா நாட்டின் இளம் இயக்குநர் கின்ற்ஸ் சில்பலோடிஸ் அம்மென்பொருளைக்கொண்டு 'புளோ' என்ற சித்திரப்படத்தை உருவாக்கினார். பேச்சே இல்லாத அப்படம், பெருநிறுவனங்களின் படங்களை வென்று, 2025ஆம் ஆண்டின் ஒஸ்கார் விருதைப் பெற்றது. இத்தகைய தன்னார்வத் தொழில்நுட்பவியலாளர்களே சர்பேஸ் கணினிகளில் லினக்ஸ் இயங்கவும் வழிசெய்து வருகின்றனர். நிறுவனம் கைவிட்ட கருவிக்கு உயிரளிக்க முயல்வோர், அதனால் ஒரு சதமும் இலாபம் காணாத இந்தக் கூட்டுழைப்பாளரே.

கூட்டுழைப்பினால் உருவான கருவி கூட்டுடைமையாகவும் இருத்தல் கூடும் என்பதற்குப் பிளெண்டர் சான்று. பொதுப்பணத்தினால் உருவான கருவி தனியுடைமையாக முடியும் என்பதற்குத் தொடுதிரை சான்று. இரண்டில் எது இயற்கை என்பதை எந்த மின்சுற்றும் தீர்மானிப்பதில்லை; மனிதரே தீர்மானிக்கின்றனர். பாடசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஒரு கருவியைத் தெரிவுசெய்யும் வேளையில், திரை எவ்வளவு பிரகாசமானது, பேனா எவ்வளவு கூர்மையானது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இதனைத் திறந்து பழுதுபார்க்க எமக்கு உரிமையுண்டா? இதன் உறுப்பை மாற்றலாமா? இதனை இயக்கும் நிரல் எம்முடையதா, வாடகைக்கா? இதனை ஆக்கிய நிறுவனம் நாளை கைவிட்டால், நாம் தொடர்ந்து வரைய முடியுமா? மாணவர் வரையக் கற்கும் அதே வகுப்பறையில் இவ்வினாக்களையும் கேட்கக் கற்கவேண்டும். கருவியைப் பற்றிய இந்த அறிவு இல்லாத கலைஞன், எத்துணைத் திறமை படைத்தவனாயினும், பிறர் நிலத்தில் உழுகின்றவனாகவே இருப்பான்.